ஷெர்ரி: பாட்டில் வாங்குவது முதல் கடைசிக் கிளாஸ் வரை முழுமையான வழிகாட்டி

ஷெர்ரி என்பது சாராயம் சேர்த்துப் பீப்பாயில் முதிரவைக்கும் ஸ்பானிய ஒயின். கேக்கில் ஊற்றுகிற இனிப்பு மது என்று நினைத்து அதை வாங்குகிறவர்கள் இரண்டு விதமாக ஏமாறுகிறார்கள். சிலர் ஃபீனோ என்ற இனிப்பில்லாத வகையின் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, இனிப்பே இல்லையே, உப்புக் கரிக்கிறதே என்று மூடி வைத்துவிடுவார்கள். வேறு சிலர் ஃபீனோ பிடித்துப் போய், அதை விஸ்கி பாட்டில்போல் அலமாரியில் ஆறு மாதம் திறந்து வைத்துக் கெடுப்பார்கள். ஷெர்ரிக்கும் காற்றுக்கும் உள்ள உறவு தெரியாததுதான் இரண்டுக்கும் காரணம்.

ஆகவே எந்த ஷெர்ரியைக் கையில் எடுத்தாலும் முதல் கேள்வி இதுதான்: இது பீப்பாய்க்குள் காற்றுப் படாமல் வளர்ந்ததா, காற்றுப் பட்டு வளர்ந்ததா? எவ்வளவு குளிரவைப்பது, எதனோடு சாப்பிடுவது, திறந்தபின் எத்தனை நாள் வைத்திருப்பது என்பதையெல்லாம் அந்த ஒரு பதிலை வைத்தே சொல்லிவிடலாம்.

1. ஊரும் மண்ணும்

ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில், ஆந்தலூசியாவின் காதிஸ் மாகாணத்தில் மூன்று ஊர்கள் ஒரு முக்கோணமாக இருக்கின்றன. உள்நாட்டில் ஹெரெஸ் தெ லா ஃப்ரொந்தேரா, குவாதலேதே ஆற்றின் முகத்துவாரத்தில் எல் புவெர்தோ தெ சாந்தா மரியா, குவாதல்கிவீர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் சான்லூக்கர் தெ பாராமேதா. அரபியர் ஆண்ட காலத்தில் ஹெரெஸின் பெயர் ஷெரிஷ். ஆங்கிலேய வணிகர் வாயில் அது ஷெர்ரி ஆனது. பாட்டிலின் முத்திரையில் இன்றும் ஸ்பானிய, பிரெஞ்சு, ஆங்கிலப் பெயர்கள் மூன்றும் சேர்ந்தே இருக்கும். இதன் ஒழுங்குமுறைக் குழுவின் விதிகள் 1935இல் வந்தவை. ஸ்பெயினில் ஒரு ஒயின் வட்டாரத்துக்கு அப்படி விதி வகுத்தது அதுவே முதல்முறை. 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறு எந்த நாட்டு மதுவும் ஷெர்ரி என்று பெயர் வைத்துக்கொள்ள முடியாது.

இங்குள்ள நல்ல நிலத்துக்கு அல்பாரிசா என்று பெயர். கோடை வெயிலில் கண் கூசும் வெள்ளை மண். சுண்ணாம்புச் சத்து மிக அதிகம். குளிர்காலத்தில் பெய்யும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொண்டு, கோடையில் மேலே ஓடு கட்டி, உள்ளே ஈரத்தைப் பூட்டி வைக்கும். அறுவடை முடிந்ததும் கொடி வரிசைகளுக்கு நடுவே செவ்வகக் குழிகள் வெட்டுவார்கள். சரிவில் மழைநீர் ஓடிவிடாமல் அங்கேயே தேங்கி இறங்குவதற்காக. காற்று இரண்டு வகை. கடலிலிருந்து வரும் பொனியென்தே ஈரமானது. கிழக்கிலிருந்து வீசும் லெவாந்தே சூடாகவும் வறட்சியாகவும் இருக்கும். கடலை ஒட்டிய சான்லூக்கருக்கு முதல் காற்று அதிகம் கிடைக்கிறது. மன்சானியா என்ற ஷெர்ரி வகை ஏன் அந்த ஊரில் மட்டும் உருவாகிறது என்பதற்கு விடையில் பாதி இதில் இருக்கிறது.

திராட்சையில் ஏறக்குறைய எல்லாமே பாலோமினோ. தனியாகப் பார்த்தால் அதிக வாசனையோ புளிப்போ இல்லாத சாதுவான வெள்ளைப் பழம். இந்த மதுவின் குணத்தில் பெரும்பங்கு பழத்திலிருந்து வருவதல்ல. பீப்பாயில் நடக்கும் வேலை எடுபடுவதற்கு இப்படிப்பட்ட அடக்கமான பழம்தான் வசதி. இனிப்பு வகைகளுக்குப் பெத்ரோ ஹிமேனெஸ், மொஸ்கதேல் என்று இரண்டு.

2. இரண்டாகப் பிரியும் இடம்

பழத்தை நசுக்கி, நொதிக்க விட்டால் 11, 12 சதவீத ஆல்கஹால் உள்ள சாதாரண வெள்ளை ஒயின் கிடைக்கும். முதல் பிழிவில் வரும் மென்மையான சாறு ஒரு வழியில் போகும். அடுத்து அழுத்திப் பிழிந்த கனமான சாறு இன்னொரு வழியில் போகும். ஒயின் கிடங்கின் தலைவர் ஒவ்வொன்றையும் முகர்ந்து, சுவைத்து, பீப்பாயின் மேல் சுண்ணக்கட்டியால் குறி போடுவார். சாய்கோடு போட்டால் காற்றுப் படாமல் வளரும் ஃபீனோ வழி, வட்டம் போட்டால் காற்றுப் பட்டு வளரும் ஒலொரோசோ வழி.

பிறகு திராட்சையிலிருந்து வடித்த சாராயம் சேர்க்கிறார்கள். சாராயத்தை நேராக ஊற்றினால் ஒயின் கலங்கிப்போகும். அதனால் சாராயத்தையும் ஷெர்ரியையும் முன்கூட்டியே பாதிக்குப் பாதி கலந்து, தெளியவிட்டு, அந்தக் கலவையைச் சேர்ப்பது வழக்கம். எவ்வளவு சேர்க்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

15 முதல் 15.5 சதவீதம் வரை உயர்த்தினால், ஒயினின் மேற்பரப்பில் ஒரு ஈஸ்ட் படலம் வளரும். காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல் வெண்மையாக மூடிக்கொள்ளும். ஸ்பானிய மொழியில் பூ என்று பொருள்படும் ஃப்ளோர்தான் அதன் பெயர். இந்தப் படலம் அடியிலிருக்கும் ஒயினைக் காற்றுப் படாமல் காக்கும். சும்மா மூடிக்கொண்டு மட்டும் இருக்காது. கிளிசராலைத் தின்னும், ஆல்கஹாலிலும் கொஞ்சம் தின்னும், பதிலுக்கு அசிட்டால்டிஹைடை விட்டுச் செல்லும். பச்சை ஆப்பிள், பாதாம், புளித்த மாவு எல்லாம் கலந்த அந்தக் கூர்மையான வாசனை அதிலிருந்து வருவது. கிளிசரால் போய்விடுவதால் வாயில் வழவழப்பே இருக்காது.

17 சதவீதம் அல்லது அதற்கு மேல் உயர்த்தினால் ஃப்ளோர் வாழாது. ஒயின் காற்றோடு நேரடியாக உறவாடும். நிறம் வைக்கோல் மஞ்சளிலிருந்து தேக்கு மரப் பழுப்புக்குப் போகும். அக்ரூட், உலர்ந்த அத்தி, தோல் வாசனைகள் வரும். மரத்தின் வழியே ஆண்டுக்கு 3 முதல் 5 சதவீதம் வரை ஆவியாகிவிடும். போவதில் நீரே அதிகம் என்பதால் மிச்சமிருப்பதில் ஆல்கஹால் ஆண்டுக்காண்டு கூடும். கிளிசரால் அப்படியே தங்கிவிடுவதால், துளி சர்க்கரை இல்லாத ஒலொரோசோகூட நாக்கில் இனிப்பதுபோல் ஏமாற்றும்.

பீப்பாய்கள் 600 லிட்டர் கொள்ளும் அமெரிக்க ஓக் பீப்பாய்கள். அவற்றை 500 லிட்டர் வரைதான் நிரப்புவார்கள். படலம் விரிந்து வளரப் பரப்பு வேண்டுமே! மரம் பல பத்தாண்டுப் பழையதாக இருக்கும். புது மரத்தின் வாசனை ஏறக் கூடாது என்பதற்காகவே அப்படி. விஸ்கி பிரியர்கள் சொல்லும் 'ஷெர்ரி கேஸ்க்' வேறு சங்கதி. அதில் பெரும்பாலானவை புது ஓக்கில் செய்து, ஒன்றிரண்டு ஆண்டு ஷெர்ரி ஊற்றிப் பழக்கிய பீப்பாய்கள். அந்த விஸ்கியின் சுவையை வைத்து ஷெர்ரி எப்படியிருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

3. சொலேரா: வயதைக் கணக்கிடும் முறை

பீப்பாய்களை வரிசை வரிசையாக அடுக்குகிறார்கள். தரையில் இருக்கும் மிகப் பழைய வரிசை சொலேரா. அதற்கு மேலே முதல் கிரியாதேரா, இரண்டாம் கிரியாதேரா என்று இளையவை போகும். பாட்டிலில் அடைக்க எடுப்பது சொலேராவிலிருந்து மட்டுமே, அதுவும் ஒரு பங்குதான். குறைந்த அளவை முதல் கிரியாதேராவிலிருந்து நிரப்புவார்கள், அதன் குறையை இரண்டாவதிலிருந்து, உச்சியில் புது ஒயின். எடுப்பதற்கு சாகா என்றும், நிரப்புவதற்குப் பனித்துளி என்ற பொருளில் ரொசியோ என்றும் பெயர். துளையிட்ட குழாயைப் படலத்துக்குக் கீழே இறக்கி, பூ கலையாமல் மெதுவாக விடுவதால் அந்தப் பெயர் பொருத்தம்தான்.

நேற்றைய தயிரை உறையாக விட்டு இன்றைய தயிர் தோய்ப்பதை அறிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு வேறுபாடு உண்டு. தயிரில் பழையது புதியதை மாற்றுகிறது. ஃபீனோவில் புதியது வந்து பழையதைக் காப்பாற்றுகிறது. மேலிருந்து வரும் இள ஒயினில்தான் ஃப்ளோருக்கு வேண்டிய சத்து இருக்கிறது. ரொசியோ நின்றால் படலம் பட்டினியில் செத்துவிடும். அதனால் ஃபீனோவில் ஆண்டுக்குப் பல முறை, சிறிது சிறிதாக எடுப்பார்கள். சில மன்சானியா சொலேராக்களில் பத்துக்கு மேற்பட்ட படிகள்கூட உண்டு.

கலவையாகிவிட்டதால் பாட்டிலில் அறுவடை ஆண்டு இருக்காது. சராசரி வயதுக்கு எளிய கணக்கு: மொத்த இருப்பை ஓர் ஆண்டில் எடுக்கும் அளவால் வகுங்கள். நான்கு வரிசை, வரிசைக்குப் பத்துப் பீப்பாய், ஒவ்வொன்றிலும் 500 லிட்டர் என்றால் இருப்பு 20,000 லிட்டர். ஆண்டுக்கு 4,000 லிட்டர் எடுத்தால் சராசரி 5 ஆண்டு. விதிப்படி குறைந்தது 2 ஆண்டு வேண்டும்.

பெயர்ச்சீட்டில் பெரிதாக ஒரு பழைய ஆண்டு அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் அந்த சொலேராவைத் தொடங்கிய ஆண்டு. ஒயினின் வயது என்று நினைத்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள். நம்பக்கூடிய வயது முத்திரைகள் வேறு: வி.ஓ.எஸ். என்றால் சராசரி 20 ஆண்டுக்கு மேல், வி.ஓ.ஆர்.எஸ். என்றால் 30 ஆண்டுக்கு மேல். இரண்டும் 2000ஆம் ஆண்டில் வந்தவை. ஒழுங்குமுறைக் குழு சுவைத்துப் பார்த்துச் சான்று தருகிறது.

4. பெயர்ச்சீட்டைப் படிக்க

ஃபீனோ: முழுக் காலமும் ஃப்ளோருக்குக் கீழே இருந்தது. 15 முதல் 17 சதவீதம். இனிப்பில்லை.

மன்சானியா: அதே முறை, சான்லூக்கரில் மட்டும். கடற்காற்றின் ஈரத்தால் படலம் ஆண்டு முழுக்கத் தடிமனாக இருக்கும். ஒயின் இன்னும் மெல்லிசாக, உப்புக் காற்று அடிப்பதுபோல் இருக்கும். இந்தச் சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் சாமந்தி இனத்துக் கெமோமைல் பூ என்றும் பொருள். மாட்ரிட் காபிக் கடையில் மன்சானியா கேட்டால் மூலிகைத் தேநீர் வந்து நிற்கும்.

அமோந்தியாதோ: முதலில் சில ஆண்டுகள் ஃப்ளோருக்குக் கீழே, அது இறந்தபின் காற்றில். இரண்டு உலகையும் பார்த்தது. முகர்ந்தால் கூர்மை, குடித்தால் கொட்டைப் பருப்பின் ஆழம். 16 முதல் 22 சதவீதம்.

ஒலொரோசோ: தொடக்கத்திலிருந்தே காற்றில். 17 முதல் 22 சதவீதம். வாய் நிறைய இருக்கும்.

பாலோ கோர்தாதோ: அமோந்தியாதோவின் மணமும் ஒலொரோசோவின் உடலும் சேர்ந்தது. ஃபீனோவாகத் தொடங்கித் தற்செயலாகத் தடம் மாறியது என்ற கதையைச் சொல்லி விற்பார்கள். வரையறை அவ்வளவு தளர்வானது. கதைக்காக அதிக விலை கொடுப்பதைவிட, அதே நிறுவனத்தின் அமோந்தியாதோவை முதலில் வாங்கிப் பார்ப்பது நல்லது.

பெத்ரோ ஹிமேனெஸ்: பழத்தை நாள்கணக்கில் வெயிலில் காயவைத்து, உலர்திராட்சையாகச் சுருங்கியதும் பிழிந்தது. லிட்டருக்குக் குறைந்தது 212 கிராம் சர்க்கரை. 400ஐத் தாண்டுபவையும் உண்டு. கருப்பட்டிப் பாகுபோல் கிளாஸில் ஒட்டி வழியும்.

மீடியம், கிரீம், பேல் கிரீம்: இனிப்பு கலந்தவை. கிரீம் என்றால் பொதுவாக ஒலொரோசோவோடு பெத்ரோ ஹிமேனெஸ். லிட்டருக்கு 115 முதல் 140 கிராம் சர்க்கரை. பேல் கிரீமை முதல் பாட்டிலாக வாங்க வேண்டாம். ஃபீனோவின் கூர்மையும் அதில் மழுங்கிவிட்டது, இனிப்பு ஒயினின் ஆழமும் வரவில்லை.

5. கடையில்

முதல்முறை வாங்குகிறவர்கள் ஃபீனோ அல்லது மன்சானியாவில் 375 மில்லி அரைப் பாட்டில் ஒன்று, ஒலொரோசோ ஒன்று எடுங்கள். இரண்டு துருவமும் கையில் வந்துவிடும்.

ஃபீனோ வாங்கும்போது விலையைவிடப் பாட்டிலில் அடைத்த தேதி முக்கியம். பின்பக்கச் சீட்டில் தேதியோ குறியீடோ இருக்கும். ஓராண்டுக்குள் என்றால் நல்லது, ஒன்றரை ஆண்டு தாண்டியதைத் தவிருங்கள். அதிகம் விற்காத கடையில் மேல்தட்டில் தூசி படிந்து நிற்கும் ஃபீனோ தள்ளுபடியில் வந்தாலும் நட்டம்தான். ஒலொரோசோவுக்கு இந்தக் கவலை இல்லை.

'என் ராமா' என்று போட்டிருந்தால் வடிகட்டுவதைக் குறைத்து, பீப்பாயிலிருந்து ஏறக்குறைய அப்படியே அடைத்தது என்று பொருள். ஃப்ளோர் செழிக்கும் வசந்த காலத்தில் எடுப்பது வழக்கம். நிறம் சற்று அடர்ந்து, லேசாகக் கலங்கியிருக்கலாம். அது குறையல்ல.

சமையல் ஷெர்ரி என்று விற்பவற்றில் உப்புச் சேர்த்திருப்பார்கள். குடிக்கவும் உதவாது, சமையலிலும் உப்பின் கணக்கைக் கெடுக்கும்.

6. மூன்று கிளாஸ் சோதனை

ஒரு மாலையில் இந்த வேறுபாட்டை நாக்குக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஃபீனோ, அமோந்தியாதோ, ஒலொரோசோ மூன்றையும் தலா 50 மில்லி ஊற்றி, வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். அமோந்தியாதோ சீட்டில் மீடியம் என்ற சொல் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். அது இருந்தால் இனிப்பு கலந்தது, சோதனை கெட்டுவிடும்.

நிறத்தை இடமிருந்து வலமாகப் பாருங்கள்: வைக்கோல், தேன், பழுப்பு. பிறகு முகருங்கள். ஃபீனோவில் மூக்கைக் குத்தும் அந்தக் கூர்மையை மனத்தில் வைத்துக்கொண்டு அமோந்தியாதோவுக்குப் போனால், அதே வாசனை பருப்பு வறுவலுக்குப் பின்னால் மெல்லியதாக நிற்கும். ஒலொரோசோவில் அது இருக்காது. கடைசியாக ஃபீனோவை ஒரு வாய், உடனே ஒலொரோசோவை ஒரு வாய். முன்னது தண்ணீர்போல் வழுக்கிப்போகும், பின்னது நாக்கில் உட்காரும். கிளிசரால் தின்னப்பட்டதும் தின்னப்படாததும் இதுதான். வரிசையைத் தலைகீழாக மாற்றினால் ஃபீனோ சப்பென்று ஆகிவிடும்.

7. குளிர்ச்சி, கிளாஸ், சாப்பாடு

ஃபீனோவும் மன்சானியாவும் 7 முதல் 9 டிகிரி. பாதி ஐஸ், பாதி தண்ணீர் ஊற்றிய வாளியில் 20 நிமிடம் வைத்தால் போதும். வெறும் ஐஸில் பாட்டிலைச் செருகினால் இடைவெளியில் காற்று நிற்பதால் நேரம் பிடிக்கும். அமோந்தியாதோ, ஒலொரோசோ 12 முதல் 14 டிகிரி. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்தால் அந்த இடத்துக்கு வந்துவிடும். நம் அறை வெப்பத்தில் ஒலொரோசோவைக் குடித்தால் சாராய நெடி மட்டும் மேலே நிற்கும்.

விரல் தடிமனுள்ள குட்டிக் கிளாஸை மறந்துவிடுங்கள். சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸ் போதும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். 15 சதவீத ஃபீனோ 100 மில்லியில் ஏறக்குறைய 12 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 20 சதவீத ஒலொரோசோவில் 16 கிராம். லேசாகத் தோன்றுவதை நம்பி அளவைக் கூட்டினால் எழுந்திருக்கும்போதுதான் தெரியும்.

ஹெரெஸில் ஒரு சொலவடை உண்டு: நீந்தும் உயிருக்கு ஃபீனோ, பறக்கும் உயிருக்கு அமோந்தியாதோ, ஓடும் உயிருக்கு ஒலொரோசோ. பெரும்பாலும் சரியாகவே வரும். பொரித்த மீன், இறால், உப்பிட்ட பாதாம், ஆலிவ் ஆகியவற்றோடு ஃபீனோ எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிடும். மற்ற ஒயின்களைக் கெடுக்கும் வினிகர், ஆர்ட்டிசோக், அஸ்பாரகஸ் எல்லாம் இதனிடம் பணிந்து போகும். காளான், கோழிச் சாறு, முதிர்ந்த பாலாடைக்கட்டிக்கு அமோந்தியாதோ. நீண்ட நேரம் வேகும் மாட்டுவால் குழம்புக்கு ஒலொரோசோ. மிளகாய்க் காரம் தூக்கலான உணவோடு மட்டும் 18, 20 சதவீத வகைகளை எடுக்காதீர்கள். ஆல்கஹால் எரிச்சலை ஏற்றிவிடும். பெத்ரோ ஹிமேனெஸை வெனிலா ஐஸ்கிரீம் மேல் ஒரு மேசைக்கரண்டி ஊற்றினால் போதும்.

ஆந்தலூசியத் திருவிழாக்களில் ஜாடி ஜாடியாக ஓடும் ரெபுஹிதோ, மன்சானியா ஒரு பங்கு, எலுமிச்சை சோடா இரண்டு பங்கு, நிறைய ஐஸ், புதினாத் தழை. என் ராமாவை இதில் ஊற்றுவது பாவம்.

8. திறந்தபின்

திறக்காத பாட்டிலையும் நிற்கவைத்தே வையுங்கள். படுக்கவைத்தால் காற்றுப் படும் பரப்பு கூடும். திறந்தபின் எல்லா வகையும் மூடியிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில்.

ஃபீனோ, மன்சானியா: முதல் மூன்று நாள் உச்சம், ஒரு வாரம் எல்லை. ஃப்ளோரின் காவலில் இருந்த ஒயின் இப்போதுதான் முதன்முதலாகக் காற்றைப் பார்க்கிறது என்பதை நினைத்தால் காரணம் தெரியும். அமோந்தியாதோ இரண்டு, மூன்று வாரம். ஒலொரோசோவும் கிரீமும் ஒரு மாதம், ஒன்றரை மாதம். பெத்ரோ ஹிமேனெஸ் இரண்டு மாதம்வரை கவலையில்லை, சர்க்கரையே காவல்.

ஃபீனோவின் நிறம் மஞ்சளிலிருந்து பொன்பழுப்பாக மாறி, கூர்மை போய், வெட்டி வைத்த ஆப்பிள் கறுத்ததுபோல் வாசம் அடித்தால் அது முடிந்தது. மதுக்கடையில் கிளாஸ் கணக்கில் ஃபீனோ கேட்குமுன் பாட்டில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பின்னாலிருக்கும் விளக்கு வெளிச்சத்தட்டில் நின்றால் வேறு ஏதாவது கேளுங்கள். அடியில் கண்ணாடித்தூள்போல் படிகங்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஒயினின் டார்டாரிக் உப்பு குளிரில் உறைந்தது. மெதுவாகச் சாய்த்து ஊற்றினால் போதும்.

ஒரு வாரம் தாண்டிய ஃபீனோவைக் கொட்டிவிட வேண்டாம். பூண்டையும் காளானையும் எண்ணெயில் வதக்கி, அடிப்பிடிக்கும் நேரத்தில் 50 மில்லி ஊற்றி, பெரிய தீயில் இரண்டு நிமிடம் வற்றவிடுங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள்.